அடிமானம் ஒன்றாகாத கணக்குகள்

மார்ச் 6

வாத்தியாருக்கு,

நான் நலம். அங்கும் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இத்தனை மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் விஷயம் என்று நினைத்து உறையைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். இது வேறு.

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் தேர்வு வருகிறது. செப்டம்பர் நடுவில். நோய்க்கிருமிப் பிரிவில் தட்டுத் தட்டாகக் கிருமி வளர்த்துப் பார்க்கிறவளுக்கு அந்தப் பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கணக்குக்கு என்று தனியாக ஒரு தாள் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். அதில் பாதி அடுக்குக்குறிச் சமன்பாடு. 2-இன் தலைக்கு மேலே ஒரு x ஏறி உட்கார்ந்திருக்கிறது, அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். தரையில் நிற்கிற x-ஐக் கண்டுபிடிக்கவே எனக்கு நாக்குத் தள்ளும். போன முறை இந்தத் தாளில்தான் கோட்டை விட்டேன். இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை தட்டு கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த கணக்கு வாத்தியார் நீங்கள் ஒருவர்தான். வேறு வழி இருந்தால் உங்களிடம் வந்து நின்றிருக்க மாட்டேன். இது உங்களுக்கே தெரியும். ஃபோன் வேண்டாம். ஃபோனில் பேசினால் நமக்குள் என்ன ஆகும் என்பது பார்த்ததுதானே. அதோடு, நான் தப்பாகச் சொன்னால் நீங்கள் விடுகிற பெருமூச்சு ஃபோனில் கேட்கும். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்துதான் எட்டு வருஷம் உங்கள் எதிரில் காய்கறிக்காரரிடம்கூட வாய் திறந்து கணக்குக் கேட்காமல் இருந்தேன். கடிதத்தில் அது கேட்காது.

தேர்வு முடிந்த கையோடு பிரிவு மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். அதுவரை பொறுக்கும்படி வக்கீலிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாடப்புத்தகம் வாங்கிவிட்டேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிற அதே புத்தகம்தான்.

இப்படிக்கு,
லேப்காரி
(உங்கள் அக்கா எனக்கு வைத்த பெயர். அப்போது கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டது.)


மார்ச் 13

அன்புள்ள லேப்காரிக்கு,

உறையை உடனே பிரித்தேன். வாசலிலேயே நின்று படித்தேன். கீழ்வீட்டுக்காரர், "என்ன சார், நல்ல சேதிதானே?" என்றார். பாடம் சம்பந்தமானது என்றேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2ˣ = 32. இதில் x என்ன? அடியில் இருக்கும் 2-க்குப் பெயர் அடிமானம். மேலே இருப்பது அடுக்கு. வலது பக்கம் 32 இருக்கிறது. அதையும் 2-இன் அடுக்காக எழுத முடியுமா என்று பார். 2, 4, 8, 16, 32. ஐந்து முறை பெருக்கினால் வருகிறது. ஆக 2ˣ = 2⁵. இரண்டு பக்கமும் அடிமானம் ஒன்றாகிவிட்டால் அதை மறந்துவிடலாம். மேலே இருப்பவை இரண்டும் சமம். x = 5. வித்தை இவ்வளவுதான்.

புத்தகத்தில் ஆறாம் பாடம், முதல் பயிற்சியைச் செய்து அனுப்பு. விடை மட்டும் எழுதாதே. எப்படிப் போனாய் என்று வரி வரியாக எழுது. தப்பு எந்த இடத்தில் நுழைகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

பெருமூச்சு பற்றி. நான் அப்படி விடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அக்கா சாயங்காலம் வந்தபோது கேட்டேன். "இப்பத்தான் தெரியுதாடா உனக்கு? அப்பா செத்த அன்னிக்கு வந்தவங்ககிட்டக்கூட விட்டியே" என்றாள். நான் அதை மூச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
வாத்தியார்


ஏப்ரல் 2

வாத்தியாருக்கு,

பயிற்சியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அடிமானம் ஒன்றாகிவிட்டால் மற்றதை மறந்துவிட்டு மேலே இருப்பதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அது கணக்குக்கா, எனக்கா? எனக்கென்றால் வேண்டாம். கணக்கை வைத்துக் குடும்பத்துக்கு உபதேசம் செய்கிற வாத்தியார்களைப் பள்ளிக்கூடத்திலேயே எனக்குப் பிடிக்காது.

முதல் ஒன்பது கணக்கும் சரியாக வந்திருக்கும் என்று தோன்றுகிறது. பத்தாவதுதான் அழிச்சாட்டியம் செய்கிறது. 2·3ˣ = 54. இரண்டையும் மூன்றையும் பெருக்கி 6ˣ = 54 என்று எழுதினேன். 6, 36, அடுத்தது 216. நடுவில் 54 எங்கேயும் காணோம். புத்தகத்தில் அச்சுப்பிழையா?

இங்கே வார்டில் காய்ச்சல் கூட்டம். ஒரு நாளைக்கு அறுபது தட்டு வருகிறது. சாயங்காலம் அறைக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் படுக்க முடியவில்லை. இது என்ன வியாதி என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
லேப்காரி


ஏப்ரல் 10

அன்புள்ள லேப்காரிக்கு,

பத்தாவது கணக்கைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து சமையலறை வரை போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். என்ன நடந்திருக்கும் என்று உனக்கே புரியும். கேட்காத தூரத்தில்தான் விட்டேன்.

அச்சுப்பிழை இல்லை. அந்த அடுக்கு 3-இன் தலையில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. 2-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதலில் அந்த 2-ஐ அப்புறப்படுத்து. இரண்டு பக்கமும் இரண்டால் வகுத்தால் 3ˣ = 27. அப்புறம் 3ˣ = 3³. விடை 3. என் வகுப்பில் நாற்பது பேரில் முப்பது பேர் இதே தப்பைச் செய்வார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று இருபது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. நீ வரி வரியாக எழுதியதால் புரிகிறது. பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வேலை சுலபமாகிவிடும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது 4ˣ = 8ˣ⁻¹. நாலும் எட்டும் பார்க்க வேறு வேறு. இரண்டும் இரண்டிலிருந்து வந்தவை. 2²ˣ = 2³ˣ⁻³. ஆகவே 2x = 3x − 3. x = 3. உபதேசம் எதுவும் இல்லை, இது கணக்கு மட்டும்தான்.

நேற்று எட்டாம் வகுப்பில் ஒருவன் கரும்பலகையில் தப்புப் போட்டான். எனக்கு மூச்சு கிளம்பியது. பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டேன். "சாருக்கு உடம்பு சரியில்லை" என்று வகுப்பே பேசிக்கொண்டது.

காலை நீட்டி உட்காரும்போது கால் அடியில் தலையணை வைத்துக்கொள். உனக்கு நரம்பு இழுக்கும்.

அன்புடன்,
வாத்தியார்


மே 21

வாத்தியாருக்கு,

இருமலைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜையில் இருக்கும் ரத்த வங்கி அக்கா, "யாருகிட்டேருந்து லெட்டர்? புருஷனா?" என்றாள். "முன்னாள் ஆகப்போறவர்" என்றேன். "ஆகப்போறவருக்கு இப்படியா சிரிப்பாங்க?" என்றாள். அவள் வாயை யாராலும் அடைக்க முடியாது.

4ˣ − 2ˣ − 12 = 0 என்று போன கடிதத்தோடு தனித்தாளில் வழியும் எழுதி அனுப்பினீர்களே, அதைப் பார்த்ததும் முதலில் தாளை மடித்து வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி 2ˣ இருக்கிற இடமெல்லாம் y என்று போட்டேன். y² − y − 12 = 0. அப்புறம் அது பழைய சாது மாடாகிவிட்டது. y = 4 அல்லது y = −3. நாலை எடுத்தால் x = 2. மைனஸ் மூன்றைத் தள்ளிவிடு என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். ஏன் தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. பாவம், அதுவும் வந்து நின்ற விடைதானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

நானே யோசித்தேன். கிருமி பெருகினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மருந்து போட்டால் பாதி, அதிலும் பாதி என்று குறையும். எவ்வளவு குறைந்தாலும் தட்டில் மைனஸ் மூன்று கிருமி இருக்கிறது என்று நான் அறிக்கை எழுத முடியாது. பெரிய டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 2-க்கு மேலே எதை ஏற்றி வைத்தாலும் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. அதனால்தானே? இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வரி ஆகியிருக்கும்.

இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு அனுப்புங்கள். எனக்கு இன்னும் கை பழகவில்லை.

இப்படிக்கு,
லேப்காரி

தலையணை வைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை.


ஜூலை 4

அன்புள்ள லேப்காரிக்கு,

மைனஸ் மூன்றுக்கு நீ எழுதிய காரணத்தைப் பத்தாம் வகுப்பில் அப்படியே சொன்னேன். யார் சொன்னது என்றும் சொன்னேன். என் மனைவி என்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ கேட்ட பத்துக்குப் பதினைந்து கணக்கு வைத்திருக்கிறேன். 9, 27, 81 வருகிறவை ஐந்து. 1/8, 1/16 என்று பின்னம் வருகிறவை ஐந்து. y போட்டுத் தீர்க்கிறவை ஐந்து. அடுத்த பாடத்தில் மடக்கை என்று ஒன்று வரும், உங்கள் ஆய்வகத்தில் லாக் என்பார்களே அது. அதைப் பற்றி இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடித்தளம் பலமாகட்டும். பிறகு பார்க்கலாம்.

அக்காவுக்கு உன்னிடமிருந்து கடிதம் வருவது தெரிந்துவிட்டது. நேற்று வந்தவள், "அவ சாப்பிடறாளான்னு கேட்டு எழுது" என்றாள். லேப்காரி என்று சொல்லவில்லை. இங்கே வீட்டில் குழாய் சொட்டுகிறது. ஆள் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். தபால்காரர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வருகிறார்.

சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
வாத்தியார்


ஆகஸ்ட் 17

வாத்தியாருக்கு,

இன்று மதியம் ரத்த வங்கி அக்கா போன வருஷக் கணக்குத் தாளை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். ஆசையாக எடுத்துப் பார்த்தேன். முதல் கேள்வி: தட்டில் 500 கிருமி. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. பத்து லட்சம் ஆக எவ்வளவு நேரம்?

என் தொழில்தானே என்று தைரியமாக எழுதினேன். 500·2ˣ = 10,00,000. ஐந்நூறை அப்புறப்படுத்தினேன், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி. 2ˣ = 2000. அங்கே நின்றுவிட்டேன். 1024 வருகிறது, அடுத்தது 2048. இரண்டாயிரம் எதிலும் உட்காரவில்லை. தாளில் இருந்த ஆறு கேள்வியில் ஐந்து இப்படித்தான். ஒன்றிலும் அடிமானம் ஒன்றாகவில்லை.

"இதுக்கு லாக் போடணும்டி. உங்க வாத்தியார் சொல்லித் தரலையா?" என்றாள் அக்கா.

சொல்லித் தரவில்லை. ஐந்து மாதமாக எனக்கு ஒத்துப்போகிற எண்களாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். 32, 27, 81. நானும் எல்லாம் சரியாக வருகிறது, எனக்குக் கணக்கு வந்துவிட்டது என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தேர்வுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது. இது என் கடைசி வாய்ப்பு என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். இருபது வருஷம் பாடம் நடத்துகிறவருக்கு எது தேர்வில் வரும் என்று தெரியாதா? மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் மறக்கிற ஆள் இல்லை.

ஏன் செய்தீர்கள்?

லேப்காரி


ஆகஸ்ட் 21

அன்புள்ள லேப்காரிக்கு,

மறக்கவில்லை.

மே மாதமே உனக்கு மடக்கை சொல்லிக்கொடுத்திருக்கலாம். மைனஸ் மூன்றைப் பற்றி நீ எழுதிய அன்றைக்கே நீ அதற்குத் தயார். நீ நினைக்கிறதைவிட நல்ல மாணவி. ஆனால் ஆறாம் பாடம் முடிந்தால் ஏழாம் பாடம், அது முடிந்தால் தேர்வு, தேர்வு முடிந்தால் கையெழுத்து. இந்த வரிசை எனக்குத் தெரியும். அதனால் ஆறாம் பாடத்திலேயே உன்னை உட்கார வைத்தேன். உன் கடிதம் வருகிற நாட்களில் இந்த வீட்டில் நடமாட முடிகிறது. வராத நாட்களில் பள்ளிக்கூடத்திலேயே விளக்கணைக்கிற வரை இருந்துவிட்டு வருகிறேன்.

நீ தோற்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆகஸ்டில் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். ஆகஸ்ட் வந்ததும் கடைசி வாரம் என்றேன். தோற்க வைக்க நினைப்பதும் இப்படித் தள்ளுவதும் முடிவில் ஒன்றுதான் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. எனக்கு என்மேல் வெட்கமாக இருக்கிறது.

இப்போது பாடம். கவனமாகப் படி.

2ˣ = 2000. அடிமானத்தை ஒன்றாக்க முடியாது. முயற்சி செய்யாதே, நேரம் போகும். இரண்டு பக்கமும் மடக்கை எடு. மடக்கை எடுத்ததும் தலையில் உட்கார்ந்திருக்கும் x தரைக்கு இறங்கிவிடும்: x·log 2 = log 2000. இனி அது உனக்குத் தெரிந்த சாதாரணக் கணக்கு. அட்டவணையில் log 2 என்பது 0.3010. log 2000 என்பது 3.3010. வகுத்துக்கொள். விடையை நான் எழுதவில்லை, நீ எழுது. இந்த ஒரு வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் எந்த அடிமானம் வந்தாலும் பயமில்லை. தனித்தாள்களில் இருபது கணக்கும் அவற்றின் முழு வழியும் எழுதியிருக்கிறேன். எல்லாமே ஒத்துப்போகாதவை. பின்பக்கம் மடக்கை அட்டவணையை எப்படிப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததில் இதில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இன்னொரு காகிதமும் இருக்கும். பிரிவு மனு. வக்கீலிடம் போய் என் கையெழுத்தைப் போட்டு வாங்கிவந்தேன். தேர்வுக்கும் இதற்கும் இனிமேல் முடிச்சு வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போட்டுக்கொள்.

அன்புடன்,
வாத்தியார்


செப்டம்பர் 2

வாத்தியாருக்கு,

x = 10.97. இருபதால் பெருக்கினால் 219 நிமிஷம். மூன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. இருபது கணக்கில் பதினேழு சரி. மூன்றில் அட்டவணையைத் தப்பாகப் பார்த்திருக்கிறேன், திருத்திவிட்டேன்.

ஒன்று மட்டும். நிஜத்தில் புதுத் தட்டில் போட்ட கிருமி உடனே பெருகாது. இடம் பழகக் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பார்க்கிறவர்களுக்குச் செத்துவிட்டது என்று தோன்றும். இதைத் தேர்வில் எழுதினால் மார்க் போய்விடும், உங்களுக்காக எழுதுகிறேன்.

லேப்காரி


செப்டம்பர் 24

அன்புள்ள லேப்காரிக்கு,

தேர்வு எப்படி என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அக்கா தினமும் கேட்கிறாள். கோபம் தீராவிட்டால் கணக்குத் தாளை மட்டும் உறையில் போட்டு அனுப்பு, வேறு ஒன்றும் எழுத வேண்டாம். நான் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாத்தியார்


அக்டோபர் 29

அன்புள்ள வாத்தியாருக்கு,

தேறிவிட்டேன். நேற்றுதான் பலகையில் ஒட்டினார்கள். கணக்கில் எழுபத்தெட்டு. ரத்த வங்கி அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கண்ணாடித் தட்டு ஒன்றை உடைத்துவிட்டாள். பெரிய டாக்டர், "இனிமே நீங்கதான் எல்லாருக்கும் கையெழுத்துப் போடணும்" என்றார். மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னல் உள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். சாப்பிடுகிறேன் என்றும் சொல்லுங்கள்.

போன மாதம் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. கோபம் உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த நாலைந்து நாளில் போய்விட்டது. அப்புறம் இருந்தது வேறு. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது மேற்பார்வையாளர் ஆகிவிட்டேன், சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் அதே புத்தகம்தான் என்னிடமும் இருக்கிறது. ஆறாம் பாடம் முடிகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஏழாம் பாடம் தொடங்குகிறது. "மடக்கைகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மே மாதம் நான் அதைப் பார்த்தேன். என்னவென்று படிக்கலாம் என்று விரலும் வைத்தேன். வேண்டாம், வாத்தியார் சொல்லட்டும் என்று மூடிவைத்துவிட்டு, உங்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு அனுப்புங்கள் என்று எழுதினேன். கை பழகவில்லை என்று எழுதியது சுத்தப் பொய். ஏப்ரல் கடைசியிலேயே கை பழகிவிட்டது. போன முறை இதே தேர்வு எழுதியவள் நான். தாளில் எது வரும் என்று எனக்கும் தெரியாதா? அடுத்த பக்கத்தைப் புரட்ட என் கையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதம் நின்றுவிடுமே என்றுதான் புரட்டவில்லை. ரத்த வங்கி அக்கா தாளை நீட்டியபோது மாட்டிக்கொண்டது நான். திட்டு வாங்கியது நீங்கள். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனிதரை எனக்குப் பிடிக்காமல் போனது உண்மை. அதை இப்போது மாற்றிச் சொல்ல மாட்டேன். ஏழு மாதமாகக் கடிதம் எழுதுகிற மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் விடை இல்லை.

மனுவை எடுத்துக்கொண்டு போன வாரம் வக்கீலிடம் போனேன். பேனாவும் கையில்தான் இருந்தது. "ஒருத்தர் கையெழுத்து மட்டும் இருந்தா இது செல்லாத காகிதம்மா. நீங்களும் போட்டாத்தான் செல்லும்" என்றார். செல்லாமலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. நீங்கள் அங்கே காலை வண்டியில் ஏறினால் மதியத்துக்குள் இங்கே வந்துவிடலாம். மாலையில் திரும்பவும் வண்டி இருக்கிறது. அதில் திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
லேப்காரி